சங்கரி வீட்டுப் புரோட்டியா

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், ஒரு பாறைக்குன்றை ஒட்டிப் போட்ட மனைப்பிரிவில் சதாசிவம் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். சதாசிவம் இப்போது இல்லை. கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் கட்டிய வீடு. முழுசாக மூன்று கோடைகூட அதில் அவர் இருக்கவில்லை. இன்று அந்த வீட்டில் இருப்பது இரண்டு பெண்கள். அவருடைய மனைவி ஜெகதாம்பாள், மருமகள் சங்கரி. இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய விஷால் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கிறான்.

விஷாலைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. எதையும் ஆசையாகத் தொடங்குவான். கல்யாணமான புதிதில் வண்ணமீன் வளர்த்தான். அப்புறம் வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கி வாங்கினான். அப்புறம் கிதார். மீன்தொட்டியைக் கடைசியில் கழுவிக் கவிழ்த்தவள் ஜெகதாம்பாள். தொலைநோக்கியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தவள் சங்கரி. இதற்காக வீட்டில் சண்டை வந்ததில்லை. ஆறு மாதத்தில் அவனுக்கு அலுத்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்து என்ன வரப்போகிறதோ என்று தங்களுக்குள் கண்ணால் பேசிக்கொள்வார்கள்.

அடுத்து வந்தது புரோட்டியா. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் நண்பர்கள் சேர்ந்து நீலகிரிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது கார் டிக்கியில் ஆறு செடிகள். கூடவே ஒரு சாக்கு நிறைய பைன் மரத்துச் சருகு.

"தென்னாப்பிரிக்காச் செடி சங்கரி. பூத்தா இவ்ளோ பெருசு. ரெண்டு மாசம் ஆனாலும் வாடாது. நர்சரில மலைக்குக் கீழ வராதுன்னான். பாத்துடலாம்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

வீட்டின் மேற்குப் பக்கம், குன்றிலிருந்து மண் சரியும் இடத்தில், செம்மண் சரளையும் மணலும் கலந்து மேடு கட்டி ஆறையும் வரிசையாக நட்டு, மேலே பைன் சருகைப் பரப்பினான். இலைகள் தோல்போலத் தடிமனாக, சாம்பல் பூசிய பச்சையில் இருந்தன. விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு. ஜெகதாம்பாள் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் மாதிரி இருக்கேடா" என்றாள். அடுத்த சில மாதத்தில் அவனுக்குப் பெர்த்தில் வேலை கிடைத்தது. முதலில் தான் மட்டும் போவதாகவும், வீடு பார்த்துவிட்டு சங்கரியை அழைத்துக்கொள்வதாகவும் பேச்சு.

சங்கரி கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அதிகம் பேசமாட்டாள், பேசினால் தெளிவாகப் பேசுவாள். பெர்த்துக்குப் போக வேண்டி வந்தால் வேலையை என்ன செய்வது, நீண்ட விடுப்பு எடுக்கலாமா என்று பக்கத்து மேசை ஷபானாவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள். யோசனை முடியுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷால் வீடியோவில் கூப்பிட்டான். வழக்கமாகப் பேசுகிறவன் அன்றைக்குத் தண்ணீர் குடித்தான், எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான், திரும்பி வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான். அங்கே ஒரு பெண். கூட வேலை பார்க்கிறவள். வேண்டுமென்று நடந்ததில்லை. இனி அவன் திரும்பி வரப்போவதில்லை.

சங்கரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும், "சரி" என்றாள். அப்புறம் கேட்டாள்: "மோட்டார் மெக்கானிக் நம்பர் உங்ககிட்டதான இருக்கு? ரெண்டு நாளா தண்ணி ஏறல."

விஷால் எண்ணைத் தேடி அனுப்பினான். அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள், அவரும் சாயங்காலமே வந்து சரிசெய்து கொடுத்தார். தொட்டி நிரம்பி வழிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு சங்கரி உள்ளே போய் ஜெகதாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்து வீட்டில் யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஜெகதாம்பாள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்ப் படுத்தாள். மீதி வெங்காயத்தை சங்கரி உரித்தாள்.

கடைவாய்ப் பல் பிடுங்கியபோது ஊசி போட்டதில் அவளுக்கு ஒருமுறை உதடு மரத்துப்போயிருந்தது. காபி குடித்தால் வழிவதுகூடத் தெரியாது. கண்ணாடியில் பார்த்துத்தான் துடைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களெல்லாம் அப்படித்தான் இருந்தன. மையத்துப் பேருந்தில் ஏறினாள், இறங்கினாள். நட்டு, போல்ட்டு, வால்வு, கையுறை எல்லாம் கேட்டவர்களுக்குக் கேட்ட அளவில் கொடுத்தாள். ஒரு தவறும் வரவில்லை. சாப்பாடு இறங்கியது. தூக்கமும் வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத்தான் சங்கடம். அழுகிறவளைத் தேற்றலாம், இவளை என்ன செய்வது? ஷபானா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அழுதாவது தொலையேன் சங்கரி" என்றாள். "வந்தா அழமாட்டேனா?" என்றாள் சங்கரி. அவள் வேண்டுமென்று அடக்கி வைத்திருக்கவில்லை. உள்ளே கை விட்டுத் துழாவினாலும் எதுவும் அகப்படவில்லை.

தங்கை அனு மதுராந்தகத்திலிருந்து வந்தாள். அவளுடைய கணவனுக்கு அங்கே வங்கியில் வேலை, ஏரிப் பக்கம் வீடு. வந்தவள் உட்காரக்கூட இல்லை. பீரோவைத் திறந்து சங்கரியின் புடவைகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

"கிளம்புக்கா. எங்க வீட்ல மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. டெய்லி ட்ரெயின்ல செங்கல்பட்டு வந்தா பஸ்ஸு. இன்னும் இந்த வீட்ல உனக்கு என்ன இருக்கு?"

சமையலறையில் ஜெகதாம்பாள் பாத்திரத்தின் சத்தம்கூட வராமல் நின்றுகொண்டிருந்தது சங்கரிக்குத் தெரிந்தது.  போகவும் தோன்றவில்லை, இருக்கவும் தோன்றவில்லை. ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றாள்.

அனு கையில் புடவையோடு நின்றாள். "என்னது?"

"அந்தச் செடி. ஆறு இருக்கு. தண்ணி ஊத்தணும்."

அனு புடவையைக் கட்டில்மேல் போட்டுவிட்டு அழுதாள். அழுது முடித்துக் காபி குடித்துவிட்டுத் தனியாகப் பேருந்து ஏறினாள். அந்தப் பதில் சொந்தக்காரர்கள் வீடுகளையெல்லாம் சுற்றி வந்தது. புருஷன் வைத்த செடிக்காக மாமியார் வீட்டிலேயே இருக்கிறாளாம். சிலர் பாவம் என்றார்கள், சிலர் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். உண்மையில் சங்கரி அதுவரை அந்தச் செடிகளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதில்லை. துணி காயப்போட வரும்போது ஜெகதாம்பாள்தான் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது வாயை விட்டாயிற்று. மறுநாள் காலையில் சங்கரி குழாயை எடுத்தாள். சொன்ன பொய்யை அப்படியே நிஜமாக்கிவிட்டாள். அது அவள் சுபாவம்.

அந்த வருஷ ஐப்பசி மழை ஓயவேயில்லை. குன்றிலிருந்து தண்ணீர் இறங்கி மேட்டின் ஒரு பக்கத்தில் தேங்கியது. கடைசி இரண்டு செடிகளும் ஒரு வாரத்துக்குள் கறுத்துப்போயின. பிடுங்கியபோது வேர் கையோடு கழன்று வந்தது, மண்ணில் புளித்த மாவின் வாடை. சங்கரி கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். செத்துப்போன செடிக்காக அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. ஆனால் பேருந்தில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் முதன்முதலாக இந்தச் செடி என்ன ஏது என்று போனில் தேடினாள். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மலைச்சரிவில் நின்று பேசிய வீடியோக்கள் கிடைத்தன. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று பார்த்தாள்.

பார்த்ததில் புரிந்தது இதுதான். ஒன்றுமில்லாத மண்ணில் பிறந்த செடி அது. பாறையும் மணலும்தான் அதற்கு ஊர். அங்கே கிடைக்கிற துளிச் சத்தையும் விடாமல் உறிஞ்சப் பழகிய வேர். போதும் என்று நிறுத்த அதற்குத் தெரியாது. சாணம் போட்டால், எலும்புத்தூள் போட்டால், கடையில் விற்கும் உரம் போட்டால் அத்தனையையும் இழுத்துக்கொண்டு செத்துப்போகும். தண்ணீர் நின்றால் அழுகும். மேல்மண்ணைக் கிளறினால் வேர் அறுபடும். காற்று வேண்டும், வெயில் வேண்டும். மற்றபடி அதை அதன்போக்கில் விட வேண்டும்.

சங்கரி செய்ய வேண்டியதைச் செய்தாள். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினாள், மேட்டை இன்னும் உயர்த்தினாள். ஆழ்குழாய்த் தண்ணீர் உவர் என்பதால் மொட்டைமாடி மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தாள். கோடையில் நிழல்வலை கட்டினாள். பைன் சருகு மட்கித் தீர்ந்துபோயிருந்தது. அதற்கு மாற்று கொடுத்தவள் மீன் கொண்டுவரும் வச்சலா. கொக்கிலமேட்டிலிருந்து மொபெட்டில் வருவாள், முன்னால் ஒரு ஐஸ் பெட்டி, பின்னால் ஒரு கூடை.

"இன்னாக்கா, எதுனா சருகு கெடச்சா சொல்லுன்னியாமே? எங்க குப்பத்தாண்ட சவுக்குத் தோப்பு கீது. கீய வுழுந்தது மொழங்கால் ஆழத்துக்கு கெடக்குது. மூட்ட கட்டியாந்து போடட்டா?"

சவுக்குச் சருகு பைன் சருகைவிட நன்றாகவே உதவியது. மீதி நான்கு செடிகளும் அடுத்த கோடையைத் தாண்டிப் புதுத்தளிர் விட்டன. தளிர் செம்புநிறத்தில் பூனைக்காது போல மெத்தென்று இருந்தது. பேருந்துக்குப் போகுமுன் சங்கரி ஒரு நிமிஷம் அங்கே நிற்பாள். நின்றாள் என்பதற்குமேல் அதில் எதுவுமில்லை.

இந்த வீட்டில் அப்போது பேச்சு மிகவும் குறைந்திருந்தது. ஜெகதாம்பாள் மாயவரத்துப் பக்கத்துக்காரி, இயல்பில் வாயாடி. ஆனால் மகன் செய்த காரியத்துக்குப் பிறகு மருமகளிடம் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது அங்கேதான் போய் முட்டும் என்ற பயத்தில் வாயைக் கட்டிக்கொண்டாள். சங்கரியும் கேட்டதற்குத்தான் பதில் சொல்வாள். சாம்பாரில் உப்பு கூடிப்போனாலும் சாப்பிட்டு முடித்து எழுந்துவிடுவாள். செடிக்கு உரமே ஆகாது என்பதை மாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஜெகதாம்பாளோ பார்த்துக்கொண்டேயிருந்தாள். இந்தப் பெண் உலகத்தில் கண்ணெடுத்துப் பார்க்கும் ஒரே பொருள் அந்தச் செடிகள்தான் என்று அவளுக்குப் பட்டது. அவற்றுக்கு ஏதாவது செய்தால் இவளுக்குச் செய்ததுபோல ஆகும். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. செடிக்கு என்ன போட்டால் நன்றாக வரும் என்று வச்சலாவிடம் கேட்டாள்.

"இத்தப் போயி கேக்கிறியே பெரிமா. மீன் செதிலு, கொடலு, தல, அல்லாத்தையும் வேராண்ட பொதச்சு வுடு. எங்க வூட்டு முருங்க மரத்தப் பாத்தா அசந்துபூடுவ. காய் தொங்கிகினே கீது."

மத்தியானத்தில், சங்கரி அலுவலகத்தில் இருக்கும்போது, ஜெகதாம்பாள் முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து சின்னக் குழிகளாகத் தோண்டி மீன்கழிவைப் புதைத்தாள். நாற்றம் வராமலிருக்க மேலே சருகை மூடினாள். முதல் இரண்டு செடிகளுக்குத்தான் அன்றைய கழிவு போதுமாக இருந்தது. அடுத்தடுத்தும் அந்த இரண்டுக்கே போட்டாள். நன்றாக வந்தால் மற்றதற்கும் போடலாம் என்று கணக்கு.

இலைகள் முதலில் வெளுத்தன. பிறகு நுனியிலிருந்து தீய்ந்துகொண்டு வந்தன, அடுப்புச் சூட்டில் காகிதம் பழுப்பதுபோல. சங்கரி சருகை விலக்கிப் பார்த்தாள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு மத்தி மீனின் தலை அவளைப் பார்த்தது.

அவள் உள்ளே வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது ஜெகதாம்பாள் பின்னால் வந்து நின்றாள்.

"நான்தான் போட்டேன்."

"ம்."

"நல்லா வரும்னு வச்சலா சொன்னா. நான்தான் கேட்டேன் அவகிட்ட."

"பரவால்லத்த. அதுக்கு உரம் ஆகாது. நான் சொல்லியிருக்கணும்."

"பொழைக்குமா?"

"பொழைக்காது."

சங்கரி கையைத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போனாள். ஜெகதாம்பாளால் அதைத் தாங்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உரக்கப் பேசியறியாத மருமகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"திட்டேன்டி! ஒரு வார்த்த திட்டு. அவனப் பெத்தவதான நானு? செடியக் கொன்னவளும் நான்தான். நீ பாட்டுக்குப் பரவால்ல, பரவால்லன்னு அரிசி களையிற. ராத்திரி என் மனசு கெடந்து அடிச்சுக்குது. ஒரு தட்டையாவது தூக்கி எறியேன்!"

சங்கரி அவளைப் பார்த்தாள். கிழவியின் கன்னம் துடித்துக்கொண்டிருந்தது. திட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் பார்த்தாள். தேடினாள். வார்த்தைகளெல்லாம் இருந்தன, அவற்றைத் தூக்கத் தெம்புதான் இல்லை. "அத்த, கை வலிக்குது" என்று மட்டும் சொன்னாள். ஜெகதாம்பாள் கையை விட்டாள். அன்றிரவு இருவரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

செத்த இரண்டையும் பிடுங்கி, நாறிய மண்ணை வாரி வெளியே கொட்டி, புதுச் சரளை போட்டாள் சங்கரி. இரண்டு செடிகள் மிஞ்சின. அதற்கப்புறம் ஒரு மாற்றம் வந்தது. ஜெகதாம்பாள் ஒவ்வொன்றையும் கேட்டுச் செய்ய ஆரம்பித்தாள். இன்றைக்குத் தண்ணீர் ஊற்றலாமா, இலையில் படலாமா, அரிசி கழுவிய தண்ணீர் ஆகுமா ஆகாதா. சங்கரி பதில் சொல்ல வேண்டியிருந்தது. செடியைப் பற்றிய பேச்சில் விஷால் வரமாட்டான் என்று இருவருக்கும் மெல்லப் புரிந்தது. அந்த வீட்டில் கால் வைக்க அப்படி ஒரு இடம் கிடைத்தது.

அடுத்த கார்த்திகையில் ஒரு செடியின் உச்சியில் மொட்டு தெரிந்தது. செதில் செதிலாக மூடி, மரத்தில் கடைந்து வைத்த தாமரை மொட்டுபோல இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. ஜெகதாம்பாள் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் தெறக்கல" என்பாள். மார்கழி முழுக்க அது திறக்கவில்லை. பொங்கல் கழிந்து, ரோஜாநிறச் செதில்கள் ஒவ்வொன்றாக விலகின. நடுவே வெள்ளைப் பஞ்சுபோல ஒரு கூம்பு. வாசனை கிடையாது. தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கியது. வச்சலா மொபெட்டை நிறுத்தி இறங்கிவந்து பார்த்தாள்.

"யம்மாடி! இது இன்னாக்கா, பூவா, அன்னாசிப் பழமா?"

சங்கரிக்குச் சிரிப்பு வந்தது. லேசாகத்தான், உதட்டோரத்தில். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

அந்த மாதம்தான் விஷால் வந்தான். பரஸ்பர சம்மத விவாகரத்து, செங்கல்பட்டு நீதிமன்றத்தில் கடைசித் தேதி. இருவரும் நின்றார்கள், கேட்டதற்கு ஆமாம் என்றார்கள், முடிந்தது. வெளியே வேப்பமரத்தடியில் அவன், "அம்மாவப் பாத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டான். அவனோடு வந்தவள் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் தங்கியிருப்பதாகவும் சொன்னான். "அது உங்க அம்மா வீடு. நீங்க பாக்கலாம்" என்றாள் சங்கரி. அவள் பேருந்தில் வந்தாள், அவன் வாடகைக் காரில் வந்தான். ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஜெகதாம்பாள் மகனைப் பார்த்ததும் அழுதாள். கேள்விகள் கேட்டாள், பதிலுக்குக் காத்திருக்காமல் இலை போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

"ஏய் சங்கரி! புரோட்டியா பூத்துருக்கு!"

அந்தக் குரல் மாறவேயில்லை. கார் டிக்கியைத் திறந்து காட்டிய அதே ஆசை. ஓடிப்போய்க் குனிந்து நான்கு பக்கமும் படம் எடுத்தான். "நம்பவே முடியல. கடற்கரைப் பக்கத்துல! நர்சரிக்காரன் வரவே வராதுன்னான். நான் வச்சது வந்துருச்சு பாரேன்!" அவன் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது. சங்கரி ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டே பார்த்தாள். எந்த மனிதனோடு இத்தனை வருஷம் வாழ்ந்தோமோ அவன்தான், வேறு யாரோ அல்ல. இதுவும் சும்மா கடந்துபோகும் என்றுதான் நினைத்தாள்.

"சங்கரி, ஒன்னு வெட்டிக்கட்டுமா? ரெண்டு இருக்குல்ல. அவளுக்குக் காட்டணும். அவங்க ஊர்லயும் இது நெறைய உண்டு, இங்க வளந்துதுன்னா நம்பவே மாட்டா."

அவன் குத்திப் பேசவில்லை. அவனுக்குத் தோன்றவேயில்லை, அவ்வளவுதான். சங்கரியின் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம்."

"ஒன்னே ஒன்னு. இங்க இருந்தாலும் காஞ்சுதான..."

"வேணாம்னு சொன்னேன்ல!"

மனைப்பிரிவின் கடைசி வீடு வரை கேட்டிருக்கும். எதிர்வீட்டு ஏசுதாஸ் ஸ்கூட்டரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சங்கரிக்கே அது தன் குரல்தானா என்று இருந்தது.

"தொடாதீங்க. கைய எடுங்க மொதல்ல. நீங்க நட்டுட்டுப் போயிட்டீங்க. மழைல அழுகுனது தெரியுமா? செத்துச்செத்துப் போச்சு தெரியுமா? சருகு மூட்ட யார் தூக்குனா? வந்து வெட்டிக்கட்டுமாங்கிறீங்க. வெட்டிக்கட்டுமாவாம்!"

விஷால் கையை எடுத்தான். "சாரி" என்றான். இன்னும் ஏதோ சொல்லப் போனான். கொல்லை வாசலில் நின்ற ஜெகதாம்பாள், "கார் நிக்குதுடா. கெளம்பு" என்றாள். அவன் தாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று சங்கரியால் சாப்பிட முடியவில்லை.  மார்புக்குள் ஒரு இடம் நிஜமாகவே வலித்தது, அழுத்தினால் விரலுக்குத் தெரியும்போல. ஜெகதாம்பாள் மோர் கரைத்துப் பெருங்காயம் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முகத்தில் மகன் போன துக்கமும் இருந்தது, வேறொரு நிம்மதியும் இருந்தது. இரண்டில் எதையும் அவள் மறைக்கவில்லை.

மறுவாரமே எல்லாம் மறுபடியும் மரத்துப்போனது. பேருந்து, ஸ்டோர்ஸ், பேருந்து. ஷபானா விசாரித்தபோது, "முடிஞ்சுது" என்றாள், அவ்வளவுதான். பூக்கள் மாசி கடைசிவரை நின்று நிறம் மங்கின. காய்ந்த பூவைச் செடியிலேயே விடக்கூடாது, கணு பார்த்து நறுக்க வேண்டும். நறுக்கிய இரண்டில் ஒன்றை ஷபானாவுக்குக் கொடுத்தாள். அது அவள் மேசையில் பேனாக்களுக்கு நடுவே நிற்கிறது.

சித்திரையில் அனல்காற்று வீசியது. வலை போட்டிருந்தாள். விடிகாலையில் மழைத்தண்ணீர் அளவாக விட்டாள். சருகு கனமாக இருந்தது. ஆனாலும் பூத்த செடி ஒருநாள் சாயங்காலம் இலைகளைத் தொங்கவிட்டது, அந்த வாரத்திலேயே நிறம் போய்ச் சாம்பலானது. பக்கத்திலிருந்த மற்றது அப்படியே பச்சையாக நின்றது. சங்கரி தண்டைக் கீறிப் பார்த்தாள். உள்ளே ஈரமில்லை. வேலை விட்டு வந்த புடவையோடு மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஜெகதாம்பாள் வந்து நின்றாள்.

"தண்ணி அதிகமும் விடல, கம்மியும் விடல" என்றாள் சங்கரி. "வல கட்டினேன். மண்ணத் தொடல. உரம் போடல. எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். ஒரு நாள்கூட விட்டதில்ல. நான் என்ன தப்புப் பண்ணேன் அத்த?"

அவள் இத்தனை பேசி ஜெகதாம்பாள் கேட்டதில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஒன்னும் பண்ணலம்மா" என்றாள். "ஒன்னுமே பண்ணல."

காற்று இன்னும் சூடாகத்தான் இருந்தது. குன்றின் நிழல் மேட்டின்மேல் ஏறிய பிறகு இருவரும் எழுந்தார்கள்.

இதெல்லாம் நடந்தது சமீபத்தில்தான். சங்கரி இன்றும் அதே பேருந்தில்தான் போய்வருகிறாள். அனு மாதம் ஒருமுறை வருகிறாள், பையில் புடவையை அடுக்குவதில்லை. வச்சலா இந்த வீட்டு வாசலில் மீன் அரிந்தால் கழிவைத் தானே பையில் கட்டி எடுத்துப் போய்விடுகிறாள். "வாணாம்பா, கொலகேசு" என்று சிரிப்பாள். மிஞ்சிய ஒரு செடி இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, மொட்டு எதுவுமில்லை.

செத்த செடியைப் பிடுங்கிய குழி ஆனி மாதம்வரை அப்படியே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெகதாம்பாள் ஒரு கறிவேப்பிலைக் கன்றோடு வந்து நின்றாள்.

"குழி சும்மாதான கெடக்கு? நட்டுட்டா கொழம்புக்கு ஆச்சு."

"வேணாம் அத்த. அதுக்குச் சாணி போடணும். மழை வந்தா கரைஞ்சு இதோட வேருக்கு வரும்."

"குழி தள்ளித்தான இருக்கு?"

"ஒரு முழம் தள்ளுனா போதுமா? சரிவு இந்தப் பக்கம்தான. வாசல் கேட்டுப் பக்கம் வைங்க."

"கேட்டுப் பக்கம் போறவன் வர்றவன்லாம் ஒடிச்சுட்டுப் போவான். ஒரு செடி, அதுவும் பூக்கல, அதுக்காக ஒரு பக்கத்துக் கொல்லையே எழுதி வச்சுட்டா!"

"ஆமா, எழுதித்தான் வச்சிருக்கேன். இப்ப என்ன?"

ஜெகதாம்பாள் கன்றைத் தரையில் டொக்கென்று வைத்துவிட்டு, "என்னமோ பண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். சங்கரி அங்கேயே நின்று யோசித்தாள். பிறகு கன்றை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம், துவைக்கிற கல்லைத் தாண்டி, தண்ணீர் சரியாத ஒரு மூலையைப் பார்த்து மண்வெட்டியால் கொத்த ஆரம்பித்தாள். மண் இறுகியிருந்தது. உள்ளேயிருந்து நெத்திலி வறுபடும் வாசனையும், உப்பு போட்டாயிற்றா இல்லையா என்று ஜெகதாம்பாள் தனக்குள் பேசிக்கொள்ளும் குரலும் வந்தன.